வைற்சப்பல்: கொலைகளின் வரைபடமும் குடியிருந்தோரின் வரைபடமும்

1

1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதிக்கும் நவம்பர் 9 ஆம் திகதிக்கும் இடைப்பட்ட பத்து வாரங்களுள் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே ஐந்து பெண்கள் கொலையுண்டனர். மேரி ஆன் நிக்கல்ஸ், அனி சப்மன், எலிசபெத் ஸ்ரைட், கதரின் எடோஸ், மேரி ஜேன் கெலி என்போரே அவர்கள். கொலைஞன் யார் என்பது அன்றும் அறியப்படவில்லை, இன்றும் அறியப்படவில்லை. அவனுக்குச் சூட்டப்பட்ட புனைபெயரோ உலகெங்கும் பரவி, நாவல்களுக்கும் திரைப்படங்களுக்கும் உல்லாசப் பயணிகளின் இரவு நடைகளுக்கும் முதலாகியுள்ளது.

இக்கொலைகளைப் பற்றிய நூல்களில் ஒரு வரைபடம் தவறாது இடம்பெறும். கொலை நிகழ்ந்த இடங்கள் அதிற் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். அப்புள்ளிகளை இணைத்துக் கொலைஞனின் இருப்பிடத்தை உய்த்துணர முயன்றோர் பலர். அதே பகுதிக்கு வேறொரு வரைபடமும் வரையலாம். கொலையுண்டோர் எங்கே இறந்தனர் என்று கேளாமல், எங்கே உறங்கினர் என்று கேட்டு வரையப்படுவது அது. இவ்விரண்டாவது வரைபடம் எத்தகைய சான்றுகளைக் கொண்டு வரையப்படக்கூடியது, அது நமக்கு எதனை உணர்த்துகின்றது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிலே இடங்களை நிரைப்படுத்திக் கொள்வோம். நிக்கல்ஸின் உடல் ஓகஸ்ட் 31 அதிகாலையிற் பக்ஸ் றோ என்னும் வீதியிற் காணப்பட்டது. சப்மனின் உடல் செப்டெம்பர் 8 அன்று ஹன்பரி வீதி 29 ஆம் இலக்க வீட்டின் பின்முற்றத்தில் இருந்தது. செப்டெம்பர் 30 அன்று, ஒரு மணித்தியாலத்துள், ஸ்ரைட்டின் உடல் பேர்னர் வீதியையடுத்த முற்றமொன்றிலும் எடோஸின் உடல் மைற்றர் சதுக்கத்திலும் கண்டெடுக்கப்பட்டன. நவம்பர் 9 அன்று கெலி, டோர்செற் வீதியை ஒட்டிய மில்லேர்ஸ் கோர்ட்டில் உள்ள தமது அறையிற் கொல்லப்பட்டார். இவ்விடங்கள் கிழக்கு மேற்காக ஏறத்தாழ ஒரு மைல் நீளத்திற் சிதறிக் கிடக்கின்றன. பக்ஸ் றோ பெருநகரப் பொலிசின் பெத்னல் கிறீன் பிரிவுக்கு உட்பட்டது. ஹன்பரி வீதியும் பேர்னர் வீதியும் டோர்செற் வீதியும் வைற்சப்பல் பிரிவைச் சேர்ந்தவை. மைற்றர் சதுக்கமோ முற்றிலும் வேறான நகரப் பொலிசின் எல்லைக்குள் அமைந்தது.

இனி இறந்தோரின் இருப்பிடங்களைப் பார்ப்போம். நிக்கல்ஸ் த்ரோல் வீதி 18 ஆம் இலக்கத்திலும், கடைசி நாட்களிற் பிளவர் அன்ட் டீன் வீதி 56 ஆம் இலக்கத்திலும் தங்கியவர். சப்மன் டோர்செற் வீதி 35 ஆம் இலக்கத்தில் தங்கியவர். ஸ்ரைட்டுக்குப் பிளவர் அன்ட் டீன் வீதி 32 ஆம் இலக்கமும், எடோஸுக்கு அதே வீதியின் 55 ஆம் இலக்கமும் முகவரிகளாயிருந்தன. கெலியின் அறை டோர்செற் வீதி 26 ஆம் இலக்க வீட்டின் பின்னறையைத் தடுத்து உண்டாக்கப்பட்டது. அதே ஆண்டின் ஏப்ரில் மாதத்திலும் ஓகஸ்ட் முற்பகுதியிலும் இப்பகுதியிற் கொல்லப்பட்ட எம்மா ஸ்மித், மார்தா ரப்ரம் என்னும் இருவரையும் சேர்த்து நோக்கினால், அவர்களும் ஜோர்ஜ் வீதியில் 18 ஆம், 19 ஆம் இலக்கங்களில் அடுத்தடுத்த விடுதிகளிலே தங்கியோராகக் காணப்படுகின்றனர். ஜோர்ஜ் வீதியோ த்ரோல் வீதியையும் பிளவர் அன்ட் டீன் வீதியையும் இணைப்பது.

இறந்த இடங்கள் ஒரு மைலுக்குச் சிதறியிருக்க, உறங்கிய இடங்கள் யாவும் கொமர்ஷல் வீதியின் இருமருங்கும் கூப்பிடு தூரத்துட் குவிந்து கிடக்கின்றன. கொலைஞனைப் பற்றிய எந்த ஊகத்தையும் சாராத உண்மை இது. ஆயினும் இதற்கு விளக்கம் தேடியோர் மிகச் சிலரே.

3

இவ்வாறு குடியிருந்தோரைத் தேடிச் செல்லும் ஆய்வாளன் எதிர்கொள்ளும் முதல் இடர், தேடும் வீதிகள் இன்று அப்பெயருடன் இல்லாமையாகும். பக்ஸ் றோ 1892 இல் டர்வட் வீதியாயிற்று. டோர்செற் வீதி 1904 இல் டுவால் வீதியாயிற்று. ரப்ரம் கொலையுண்ட ஜோர்ஜ் யாட் பின்னர் கந்தோர்ப் வீதியெனப்பட்டது. பேர்னர் வீதி 1960களின் தொடக்கத்தில் ஹென்றிக்ஸ் வீதியாக மாறியது. ஹன்பரி வீதியின் ஒரு பகுதியும் முற்காலத்திற் பிறவுண்ஸ் லேன் என வழங்கியதே. பெயரோடு வீட்டிலக்கங்களும் மாற்றப்பட்டமையால், ஒரே இலக்கம் இரு காலங்களில் இரு வேறு வீடுகளைக் குறிக்கக்கூடும். எனவே பெரிய அளவையிலான நில அளவைப் படங்கள், தபாற் கந்தோர் விபரக்கொத்துகள், இறைவரிப் புத்தகங்கள், தீக்காப்புறுதிக் கம்பனிகளுக்காக வரையப்பட்ட கட்டிடப் படங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே எந்த வீட்டையும் உறுதியாகச் சுட்டமுடியும்.

இரண்டாவது இடர் சான்றுகளின் வர்க்கச் சார்பாகும். விபரக்கொத்து வணிகனைக் குறிக்கும். வரிப் புத்தகம் வரி செலுத்துவோனைக் குறிக்கும். வாக்காளர் இடாப்பு வாக்குரிமை உடையோனைக் குறிக்கும். இரவுக்கு இரவு கூலி கொடுத்து உறங்கிய பெண் இம்மூன்றிலும் இடம்பெறாள். குடிசன மதிப்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஓர் இரவில் எடுக்கப்படுவது. 1881 ஏப்ரிலுக்கும் 1891 ஏப்ரிலுக்கும் இடையே நிகழ்ந்தவை அதன் கண்ணுக்கு எட்டாதவை.

ஆகவே வறியோரின் முகவரி பெரும்பாலும் இரு சந்தர்ப்பங்களிலேயே ஏட்டில் ஏறியது: வறியோர் இல்லத்தில் அவர்கள் அனுமதிக்கப்பட்டபோது, அவர்களின் மரணம் விசாரிக்கப்பட்டபோது. மரண விசாரணை பகிரங்கமாக நடந்தமையால், அயலவரும் விடுதிக் காவலரும் தொழிலாளரும் சத்தியஞ்செய்து தமது பெயர், தொழில், முகவரி ஆகியவற்றைக் கூறினர். நிக்கல்ஸ், சப்மன், ஸ்ரைட் ஆகியோரின் மூல விசாரணை ஆவணங்கள் கிடைத்தில. பத்திரிகைகள் விரிவாக அச்சிட்ட சாட்சியங்களே எஞ்சியுள்ளன. எடோஸ், கெலி ஆகியோரின் விசாரணை ஆவணங்கள் பேணப்பட்டுள்ளன.

முகவரி எவ்வளவு வலிய சான்று என்பதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். நிக்கல்ஸின் உடலை முதலிற் கண்ட வண்டிக்காரர் விசாரணையில் தமது பெயரை சாள்ஸ் குறொஸ் எனவும், வீட்டை டவ்ற்றன் வீதி 22 ஆம் இலக்கம் எனவும் கூறினார். அம்முகவரியைப் பிற்காலத்தில் ஏனைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது அங்கு வாழ்ந்தவர் சாள்ஸ் அலன் லெச்மியர் என்பது புலனாயிற்று. குறொஸ் என்பது அவரது மாற்றாந் தந்தையின் குடும்பப் பெயர். இதுவரை இது நல்ல ஆராய்ச்சி. ஆனால் இரு பெயர் வைத்திருந்தார் என்ற ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அவரையே கொலைஞராக்கும் வாதமும் எழுந்துவிட்டது. விடியுமுன் வேலைக்கு நடந்து சென்ற தொழிலாளி ஒருவர், சரியான முகவரியைத் தாமே கூறியிருந்தும், ஒரு நூற்றாண்டு கழிந்தபின் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார். ஒருவர் எங்கே வாழ்ந்தார் என்பதை முகவரி கூறும். அவர் என்ன செய்தார் என்பதை அது கூறாது. இவ்வெல்லையை ஆய்வாளன் மறத்தல் ஆகாது.

4

ஒரு வீட்டினுள் நுழைந்து பார்ப்போம். ஹன்பரி வீதி 29 ஆம் இலக்க வீட்டில் அன்று பதினேழு பேர் வாழ்ந்தனர் என விசாரணையில் தெரியவந்தது. கீழ்த்தளத்து முன்னறையில் ஒரு பெண் பூனைகளுக்கான இறைச்சி விற்றுவந்தார். இரவில் அதே அறையிலே தம் மகனுடன் உறங்கினார். முதலாம் மாடியில் திருமதி றிச்சட்சன் என்னும் கைம்பெண்ணும் பேரனும். பின்னறையில் ஒரு முதியவரும் அவரது மகனும். இரண்டாம் மாடியில் வண்டிக்காரர் ஒருவர், மனைவி, வளர்ப்பு மகள். பின்னறையிற் சுருட்டுத் தொழில் செய்த சகோதரிகள் இருவர். மேல்மாடியில் இன்னொரு வண்டிக்காரர், மனைவி, மூன்று ஆண்மக்கள். அதன் பின்னறையிற் றிச்சட்சன் அம்மையார் இரங்கி இடமளித்திருந்த மூதாட்டி ஒருவர். இவ்வம்மையாரின் பெட்டி செய்யும் தொழில் நிலவறையிலும் பின்முற்றத்திலும் நடைபெற்றது.

இவ்வீட்டின் வாயிற்கதவு பூட்டப்படுவதில்லை. மேல்மாடி வண்டிக்காரர் ஆறு மணியளவிற் படியிறங்கியபோதே முற்றத்தில் உடலைக் கண்டார். இரண்டாம் மாடி வண்டிக்காரரோ நான்கு மணிக்கு முன்னரே வேலைக்குப் புறப்பட்டிருந்தார். அருகிலிருந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் சந்தை விடியுமுன் கூடும். அம்மையாரின் மகன் நிலவறைப் பூட்டைப் பார்ப்பதற்காக ஐந்து மணிக்குச் சற்று முன்னர் வந்து சென்றார். வெவ்வேறு நேரங்களில் வேலைக்குச் செல்லும் பதினேழு பேருக்கு ஒரு கதவு போதுமாயிருந்ததெனில், அது எந்நேரமும் திறந்தே இருக்கவேண்டியதாயிற்று. கொலைஞன் மாயமாக மறைந்தான் என்பர். அயலார் நடமாட்டத்தை எவரும் ஐயுறாத, கதவடைக்க வசதியற்ற ஒரு வாழ்க்கை முறையே அம்மாயத்தின் பெரும்பகுதியாகும். மைற்றர் சதுக்கத்திலும் இதனையொத்த நிலையே. அங்கு தேயிலை வணிகரான கியர்லி அன்ட் ரொங் நிறுவனத்தின் பண்டகசாலையிற் காவலாளி விழித்திருந்தார். எதிர்ப்புறத்திற் பொலிஸ்காரர் ஒருவர் தமது வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். இருவரும் எதுவும் கேட்டிலர்.

5

இருப்பிடங்கள் ஒரே இடத்திற் குவிந்தமைக்குக் காரணம் யாது? ஐவருள் எவரும் வைற்சப்பலிற் பிறந்ததாகத் தெரியவில்லை. ஸ்ரைட் சுவீடன் நாட்டினர். எடோஸ் வுல்வர்ஹம்ரனிலே தகரத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். நிக்கல்ஸ் ஓர் அச்சுத் தொழிலாளியின் மனைவியாக, தொழிலாளருக்கென அமைக்கப்பட்ட பீபொடி மனைகளில் வாழ்ந்தவர். சப்மன் வின்ட்சர் அருகே வண்டியோட்டியாகப் பணியாற்றிய ஒருவரின் மனைவி. பிரிந்து வாழ்ந்த கணவர் அனுப்பிவந்த வாரம் பத்து ஷில்லிங், 1886 இறுதியில் அவர் இறந்ததோடு நின்றுபோயிற்று. கெலியின் பிறப்பிடம் பற்றி அவர் தாமே சொன்ன கதையன்றி வேறு ஆதாரம் இல்லை. கெலி ஒழிந்த நால்வரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். மணவாழ்வு முறிந்ததும் பெண்ணுக்கு வீடும் இல்லாது போயிற்று. அதன்பின் வழிகள் அனைத்தும் இந்த நான்கு வீதிகளுக்கே வந்து சேர்ந்தன.

இங்கேதான் பொதுத் தங்குவிடுதி என்னும் பொருளாதார நிறுவனம் வருகின்றது. 1851, 1853 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி இவ்விடுதிகள் பொலிசின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டிருந்தன. 1888 ஒக்ரோபரில் வைற்சப்பற் பிரிவில் 233 விடுதிகள் 8,530 பேருக்கு இடமளித்தன எனப் பொலிஸ் அறிக்கை கூறுகின்றது. தனிப்படுக்கைக்கு ஓர் இரவுக்கு நான்கு பென்ஸ். இருவர் படுக்கைக்கு எட்டுப் பென்ஸ். இடமனைத்தும் நிரம்பினால் ஓர் இரவில் ஏறத்தாழ 142 பவுண் சேரும். அன்றாடங் கூலி பெறுவோரிடமிருந்து முன்பணமாக அறவிடப்பட்ட இத்தொகை, விடுதியை நடத்தியோருக்கும் மனையுரிமையாளருக்கும் சென்றது. விடுதி நடத்துவோர் கடன் கொடார். ஓகஸ்ட் 30 இரவு நிக்கல்ஸ் த்ரோல் வீதி விடுதியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டமைக்கும், செப்டெம்பர் 8 அதிகாலை சப்மன் டோர்செற் வீதி விடுதியின் சமையலறையை விட்டு வெளியேற நேர்ந்தமைக்கும் காரணம் ஒன்றே: படுக்கைக் கூலி அவர்களிடம் இருக்கவில்லை. எடோஸும் துணைவரும் கெண்ட் பிரதேசத்தில் ஹொப் பறிக்கும் வேலை முடிந்து வெறுங்கையுடன் திரும்பியோர். துணைவரின் சப்பாத்துகளை அடகுவைத்து உணவு வாங்கியோர். கெலிக்கு வாரம் நான்கு ஷில்லிங் ஆறு பென்ஸ் வாடகையில் ஓர் அறை இருந்தது. இறந்தபோது இருபத்தொன்பது ஷில்லிங் பாக்கி.

இவர்கள் யாவரும் விலைமாதர் என்று எழுதுவது வழமை. ஹலி றூபன்ஹோல்ட் 2019 இல் வெளியிட்ட ஆய்வு, ஐவருள் மூவரைப் பொறுத்தவரை இதற்கு உறுதியான சான்று இல்லையென வாதிட்டது. அவரது முடிவுகள் அனைத்தையும் ஏற்காதோரும் உளர். எனினும், இரவில் வெளியில் நின்ற வறிய பெண்ணைப் பொலிசும் பத்திரிகையும் எந்தச் சொல்லால் அழைத்தன என்பதே வரலாற்றாசிரியனின் ஆய்வுக்குரிய பொருள் என்பதை அந்நூல் நினைவூட்டியது.

6

இவ்விடுதிகள் அங்கே பெருகியமை தற்செயலன்று. 1820களிற் சென் கதரின் துறைமுகத்துக்காகப் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். 1840களிலும் 50களிலும் கொமர்ஷல் வீதி சேரிகளை ஊடறுத்து வெட்டப்பட்டது. இடிப்பு ஒவ்வொன்றும் வறியோரை அகற்றியதேயன்றி, அவர்களின் தொகையைக் குறைக்கவில்லை; எஞ்சிய ஒழுங்கைகளில் நெரிசலும் வாடகையும் ஏறின. கரெத் ஸ்ரெட்மன் ஜோன்ஸ் 1971 இல் வெளியிட்ட நூல் இதனை நிலையற்ற கூலிவேலையுடன் தொடர்புபடுத்தி நிறுவியுள்ளது. துறைமுகத்திலும் சந்தையிலும் நாட்கூலி தேடுவோர் வேலைத்தலத்தை விட்டுத் தொலைவிற் குடியேற இயலாது.

1875 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் 1883 இல் பிளவர் அன்ட் டீன் வீதியின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்நிலத்தில், முதலீட்டுக்கு நான்கு வீதத்துக்கு மேற்படாத இலாபம் என்னும் கொள்கையுடன் றொத்ஸ்சைல்ட் குடும்பத்தினர் முன்னின்று அமைத்த கம்பனி, 1887 இல் புதிய மனைகளைத் திறந்தது. நிரந்தர வருவாய் உடைய யூதத் தொழிலாளர் பலர் அவற்றிற் குடியேறினர். நான்கு பென்ஸ் தேடியலைவோருக்கு அங்கே இடமிருக்கவில்லை. அவர்கள் தெருவின் எஞ்சிய பகுதிக்கு நெருக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு கொலையுண்டோர் அங்கிருந்தே சென்றனர்.

1881 இன் பின் இரஷ்யப் பேரரசில் நிகழ்ந்த வன்செயல்களுக்குத் தப்பி வந்த யூதர்மீது பழி சுமத்துவதும் இதே நெரிசலின் மறுபக்கமாயிற்று. ஜோன் பைசர் என்னும் யூதச் சப்பாத்துத் தொழிலாளி கைதுசெய்யப்பட்டுப் பின்னர் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். ஸ்ரைட்டின் உடல் கிடந்த முற்றம், யூத சோஷலிசத் தொழிலாளரின் கல்விக் கழகத்தை அடுத்தது. இத்திஷ் மொழியில் வெளிவந்த 'ஆர்பெற்றர் பிறைன்ட்' பத்திரிகை அவ்வளவிலேதான் அச்சாகியது. கௌல்ஸ்ரன் வீதியிலே யூதர் பெரும்பான்மையாக வாழ்ந்த மனையொன்றின் வாயிலிற் காணப்பட்ட சுண்ணக்கட்டி எழுத்தை, கலவரம் மூளும் என அஞ்சிய பொலிஸ் ஆணையாளர் சாள்ஸ் வொறன் புகைப்படம் எடுப்பதற்கு முன்னரே அழிப்பித்தார்.

7

கொலைகளின் பின் சமூகம் கண்ட பரிகாரம் யாது? ரொயின்பி மண்டபத்தை நிறுவிய மதகுரு சாமுவேல் பானெற் 1888 செப்டெம்பரிலே 'ரைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதி, பொலிஸ் மேற்பார்வை, தெருவிளக்கும் துப்புரவும், கொல்களங்களை அகற்றல், பொறுப்புள்ள உரிமையாளரின் கையில் வீடுகள் என நான்கு திட்டங்களை முன்வைத்தார். அதே மாதத்தில் பேர்னாட் ஷோ, சோஷலிஸ்டுகளின் பிரசாரம் சாதிக்காத கவனத்தை இக்கொலைகள் பெற்றுத்தந்துவிட்டன எனக் கசப்போடு எழுதினார். 1889 இற் சாள்ஸ் பூத் வெளியிட்ட வறுமைப் படத்தில் இவ்வீதிகளைச் சூழ்ந்து கறுப்பும் கடுநீலமும் தீட்டப்பட்டுள்ளன. கடுநீலம் தீரா வறுமையையும், கறுப்புக் குற்றஞ்சார்ந்த அடிமட்டத்தையும் சுட்டின. கிழக்கு இலண்டன் மக்களுள் நூற்றுக்கு 35 பேர் வறுமையில் வாழ்வதாகவும் பூத் கணித்தார். வறுமைக்கும் 'தீயொழுக்கத்துக்கும்' ஒரே வரிசையில் நிறந்தீட்டிய அப்படம், வறியோர் எங்கே உள்ளனர் என்பதைத் துல்லியமாகக் காட்டியது. யாருடைய வாடகைப் புத்தகம் அவர்களை அங்கே நிறுத்தியது என்பதை அது காட்டவில்லை.

எடுக்கப்பட்ட நடவடிக்கையும் இடிப்பேயாயிற்று. 1890களின் தொடக்கத்தில் பிளவர் அன்ட் டீன் வீதியின் விடுதிகள் பல நீக்கப்பட்டுப் புதிய மனைகள் எழுந்தன. டோர்செற் வீதியின் வடபுறம் 1920களின் இறுதியிற் சந்தை விரிவாக்கத்துக்காகத் தகர்க்கப்பட்டது. கெலியின் அறையும் அதனோடு மறைந்தது. ஹன்பரி வீதி 29 ஆம் இலக்க வீடு 1970 அளவில் மதுவடிசாலையின் விரிவாக்கத்துக்கு இரையாயிற்று. றொத்ஸ்சைல்ட் மனைகளும் பின்னர் அகற்றப்பட, 1886 ஆம் ஆண்டைத் தாங்கிய தோரணவாயில் மட்டும் வென்ற்வேர்த் வீதியிற் பேணப்பட்டுள்ளது.

பக்ஸ் றோவின் பெயரை மாற்றுமாறு கேட்டோர் அங்கு குடியிருந்தோரே. அயலவரின் ஏளனத்திலிருந்து தப்ப விரும்பிய அவர்களை நாம் குறைகூற முடியாது. ஆனால் நகரத்தை ஆண்டோர் வீதியின் பெயரை மாற்றியும் வீட்டை இடித்தும் ஒரு பிரச்சினையை முடித்துவிட்டதாகக் கொண்டபோது, அங்கே உறங்கியோர் எங்கே சென்றனர் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

கொலைஞனின் பெயர் ஒருநாள் தெரியவரினும் வராதொழியினும், நிக்கல்ஸும் சப்மனும் அவ்விரவுகளிற் படுக்கையின்றித் தெருவில் நின்றமைக்கான காரணம் அதனால் மாறப்போவதில்லை. அக்காரணம் மர்மமானதுமன்று. விடுதிப் பதிவுகளிலும் மரண விசாரணைச் சாட்சியங்களிலும் அது நான்கு பென்ஸ் என்றே எழுதப்பட்டுள்ளது. அப்பதிவுகளை வீடு வீடாக, பெயர் பெயராகத் தொகுப்பது குற்றப் புலனாய்வு அன்று, சமூக வரலாறாகும். இவ்வகையில் வைற்சப்பலின் இரண்டாவது வரைபடம் இன்னும் நிறைவுபெறாத பணியாகவே உள்ளது.